ஏழாம் குமிழும் எட்டாம் குமிழும்

அன்று துடியலூர் பேக்கரியில் இருந்தவர்களைச் சொல்கிறேன். கீபோர்டு வாசிப்பவர். குழுவை நடத்துவது அவர்தான். பெண் குரல் பாடும் அக்கா. ஆண் குரல் பாடுபவர், பகலில் பம்ப் கம்பெனியில் வேலை. ரிதம் பேட் வாசிப்பவர், எங்களில் வயதில் சின்னவர், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. மேடையில் மைக் பிடித்துப் பேசும் அறிவிப்பாளர். வேன் ஓட்டுபவர், அவர் உள்ளே வரவில்லை, வேனிலேயே இருந்தார். கடைசியாக நான். மிக்சரில் உட்காருகிறவன்.

தபேலா வாசிப்பவர் இல்லை. அவர் என் அண்ணன். அவரைக் கூப்பிடவில்லை. அவரைப் பற்றிப் பேசத்தான் கூடியிருந்தோம்.

எங்களுடையது மெல்லிசைக் குழு. கல்யாண ரிசப்ஷன், கோயில் நோம்பி, புதுக் கடை திறப்பு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். நானும் அண்ணனும் பிறந்தது பீளமேட்டில், மில் லைன் வீட்டில். அப்பா மில்லில் ஸ்பின்னிங் பக்கம் இருந்தார். லைனுக்குப் பின்னால் தொழிலாளர் மன்றம் என்று ஒரு ஓட்டுக் கட்டடம். உள்ளே ஒரு கேரம் போர்டு, ஒரு ஆர்மோனியம், ஒரு ஜோடி தபேலா. ஞாயிற்றுக்கிழமை காலை, ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் குளித்துவிட்டு அங்கே வந்து பாடுவார்கள். ஜன்னல் ஓரம் பெண்கள் நின்று கேட்பார்கள். கையில் அரிசி முறம் இருக்கும். கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள்.

அந்த மன்றத்தில் நன்றாகப் பாடுகிறவர், பாடாதவர் என்று பிரிக்கமாட்டார்கள். சுதியே சேராத ஒருவர் இருந்தார். அவருக்கும் ஞாயிறுதோறும் ஒரு பாட்டு உண்டு. அவர் பாடி முடிக்கும்வரை எல்லோரும் இருப்பார்கள். ஒருமுறை வந்து உட்கார்ந்தவரை எழுந்து போ என்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. மில் மூடினார்கள். மன்றத்தில் வாசித்தவர்களில் சிலர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். அந்த வழக்கமும் கூடவே வந்துவிட்டது.

அண்ணன் தபேலாவைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார். எனக்குக் கை வரவில்லை. படிப்பும் வரவில்லை. எட்டாவதோடு நின்றேன். உக்கடத்தில் ஒரு பாயின் மைக்செட் கடைக்குப் போனேன். பன்னிரண்டு வருடம் ஒயர் சுற்றினேன், பெட்டி தூக்கினேன். பிறகு சொந்தமாக ஒரு மிக்சர் வாங்கினேன். அண்ணன் குழுவுக்கே வந்து சேர்ந்தேன். அண்ணன் வாசிப்பார், நான் அதை ஊருக்குக் கேட்க வைப்பேன். அதுதான் எங்கள் இருவருக்கும் வேலை.

மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் நோம்பி நாட்கள். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து ஊரில் நான்கு மேடை இருக்கும். வேறு குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் ஆள் போவார். சட்டை மட்டும் அவர்களுடையது. ஒயர் போதவில்லை என்று கேட்டால் கொடுப்போம். அவர்களும் கொடுப்பார்கள். எந்த ஊருக்குப் போனாலும் சாமிக்குப் படைத்த சோறு எங்களுக்கும் வரும். முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு எங்கள் எல்லோரையும் தெரியும். பேரால் அல்ல, வாசிப்பதை வைத்து. அண்ணனைத் தபேலாக்காரர் என்பார்கள். என்னைத் தபேலாக்காரர் தம்பி என்பார்கள்.

மிக்சரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேடையில் உள்ள ஒவ்வொரு மைக்குக்கும் அதில் ஒரு குமிழ் உண்டு. மேலே தள்ளினால் சனத்துக்குக் கேட்கும். கீழே இறக்கினால் கேட்காது. தபேலா இரண்டு. சுதி சேர்க்கும் சின்னது வலது பக்கம். பெரியது இடது பக்கம், அதை டக்கா என்போம். வலதுக்கு ஏழாம் குமிழ், டக்காவுக்கு எட்டாம் குமிழ். அது போக, வாசிப்பவர் தன் சத்தத்தைத் தானே கேட்க அவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்போம். மானிட்டர். ஏழையும் எட்டையும் அடியோடு இறக்கினாலும் மானிட்டருக்குப் போவது நிற்காது. வாசிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

அண்ணனுக்கு எப்போதும் மானிட்டர் அதிகம் வேண்டும். கட்டை விரலை மேலே காட்டுவார். ஏற்றுவேன். வலது காதுக்கு இரண்டடி தூரத்தில் பெட்டி இருக்கும். இருபத்தாறு வருடம். ஏற்றியது முழுக்க என் கை.

முதலில் வீட்டில்தான் தெரிந்தது. குக்கர் விசில் அவருக்குக் கேட்கவில்லை. அண்ணி டாக்டரிடம் கூட்டிப்போனார். மெல்லிய சத்தம் போய்விட்டது, தடித்த சத்தம் கேட்கும் என்றார்களாம். காதில் வைக்க மெஷின் கொடுத்தார்கள். மானிட்டர் பக்கம் போனால் அது கீச்சென்று கத்தியது. அண்ணன் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கை போகவில்லை. தாளம் ஒரு இம்மி தப்பவில்லை. போனது சுதி. தபேலாவின் ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, கீபோர்டின் சுதிக்குச் சேர்க்க வேண்டும். அது காதால் செய்கிற வேலை. அண்ணன் தட்டுவார், தலையாட்டுவார், சுத்தியலைக் கீழே வைப்பார். அரைச் சுதி இறங்கியிருக்கும். அவருக்குச் சேர்ந்துதான் கேட்டது.

அன்னூர்ப் பக்கம் ஒரு நோம்பியில் அக்கா பாடிக்கொண்டிருந்தபோது குரல் தபேலாவின் பின்னால் போய்விட்டது. நடுவில் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். சனம் ஊ என்றது. இறங்கிவந்த அக்கா என்னிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தார். அழவில்லை. இனிமேல் தபேலாவைத் தன் மானிட்டரில் போட வேண்டாம் என்றார். நான் அதைச் செய்தேன். ஆனால் தபேலா வெளியேயும் கேட்கிறதே. தபேலா ஏன் சுதி சேரவில்லை என்று இரண்டு கல்யாணக்காரர்கள் போன் செய்து கேட்டார்கள். அதனால்தான் அந்தப் பேக்கரி.

கீபோர்டுக்காரர் ஆரம்பித்தார். "நிறுத்தச் சொல்ற பேச்சே வேண்டாமுங்க. அவரு உக்காந்த எடத்துல உக்காந்துதான் நாமெல்லாம் வந்தோம்."

அக்கா யாரையும் பார்க்காமல் சொன்னார். "நிறுத்தச் சொல்லலீங்க. எனக்குக் கேக்காம இருந்தாப் போதும்."

காதைப் பற்றி அண்ணனிடமே நேரில் பேசிவிடலாமா என்று ஆண் பாடகர் கேட்டார். சொன்னால் அன்றைக்கே தபேலாவை மூட்டை கட்டிவிடுவார் என்றார் கீபோர்டுக்காரர். அது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அறிவிப்பாளர்தான் வழி சொன்னார். "அவரு வாசிக்கட்டுமுங்க. சனம் பேடைக் கேக்கட்டும். பாக்கறதுக்குத் தபேலா, கேக்கறதுக்குப் பேடு. ஆராச்சு மேடைக்கு ஏறி வந்து மோந்து பாக்கப் போறாங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பேட் என்பது கரண்டில் ஓடும் கருவி. குச்சியால் தட்டினால் எந்த வாத்தியத்தின் சத்தம் வேண்டுமோ அது வரும். அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டே தபேலா சத்தத்தைத் தட்டவேண்டும் என்பது யோசனை.

பேட்காரர் தயங்கினார். "தட்டறது வருமுங்க. தடவறது வராதுங்க. டக்கா மேல உள்ளங்கைய வெச்சு ஒரு இழுப்பு இழுப்பாரில்ல, அது இதுல இல்லீங்க."

"கறி விருந்துல உப்புக்கல்ல எண்ணறவன் எவனும் இல்ல. நீ தட்டு கண்ணு," என்றார் அறிவிப்பாளர்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இறக்க வேண்டியது நான்தானே. கீபோர்டுக்காரர் கேட்டார். "உன்ர அண்ணன். நீ என்ன சொல்ற?"

"சரிங்க," என்றேன்.

பப்ஸ் வந்தது. சாப்பிட்டேன். சூடாக இருந்தது.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துணியை மடித்து வைத்த பிறகு பேசினார். "ஊட்ல சும்மா உக்காந்தா மனுசன் போயிருவாரு. செய்யுங்க."

முதல் தடவை சூலூர்ப் பக்கம் ஒரு ரிசப்ஷன். பாட்டு ஆரம்பித்ததும் ஏழை இறக்கினேன். எட்டை இறக்கினேன். அண்ணன் கட்டை விரலைக் காட்டினார். மானிட்டரை ஏற்றினேன். தலையாட்டினார். அவர் கை விழுந்தபோதெல்லாம் பேட்காரர் குச்சியும் விழுந்தது. அக்கா நன்றாகப் பாடினார். முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா மேடைக்கு வந்து, தபேலா அருமை என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேட்காரர் கீழே குனிந்து ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, ஒரு மாதிரி இருக்கிறது என்றார். ஒயரைச் சுற்று என்றேன்.

அடுத்த தடவை அவர் எதுவும் சொல்லவில்லை. பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது. மிக்சரைத் திறப்பேன், ஏழு, எட்டு இரண்டும் கீழே இருக்கிறதா என்று பார்ப்பேன், பிறகு மற்றதை ஏற்றுவேன். அண்ணன் எப்போதும்போல் முன்னதாக வந்து, துணி விரித்து, தபேலாவைத் தட்டித் தட்டிச் சேர்ப்பார். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் நான் வேறு வேலை பார்ப்பேன்.

ஒருநாள் மதியம், மேடை கட்டும்போது கேட்டார். "ஏன்டா, டக்கா ஹால்ல வருதா? எனக்கு நெஞ்சுக்கு வந்து சேர மாட்டீங்குது."

முன்பெல்லாம் டக்காவின் சத்தம் ஹால் கடைசிச் சுவரில் போய் முட்டித் திரும்பும். வாசிப்பவருக்கு அது உடம்பில் தெரியும். பேட்டின் சத்தமும் திரும்பி வரும்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி.

"புதுப் பெட்டிங்ணா. சத்தம் முன்னாலயே போயிருது," என்றேன்.

சரி என்றார். சத்த விஷயத்தில் நான் சொன்னதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்படி இரண்டு வருடம் தாண்டியது.

பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கல்யாணம். தோட்டம் துரவு உள்ள குடும்பம். பெரிய மண்டபம். மணி ஏழரை இருக்கும். சாப்பாட்டுப் பந்தி ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பாட்டு முடிந்திருந்தது. அறிவிப்பாளர் மாப்பிள்ளையின் நண்பர்களை வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தார். பெண்ணின் பெரியப்பா, வேட்டியை மடித்துக் கட்டியவர், ஐஸ்கிரீம் கப்போடு மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, பேச்சு போதுமுங்க. மத்ததெல்லாம் நிறுத்திப்போட்டு அந்தத் தபேலாவ மட்டும் ஒருக்காத் தனியா வாசிக்கச் சொல்லுங்க."

அடுத்தது ஒரு நல்ல பாட்டு இருக்கிறது என்று அறிவிப்பாளர் சமாளித்தார்.

"பாட்டு எங்கீங்க போயிருது? தபேலா," என்றார் அவர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

சொந்தக்காரர்கள் இன்னும் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணனுக்கு அறிவிப்பாளர் சைகையில் சொன்னார். அண்ணன் பவுடர் டப்பாவைத் திறந்து கையில் கொட்டிக்கொண்டார். ரொம்ப நாளாக அவரை யாரும் தனியாகக் கேட்டதில்லை.

பேட்காரர் என்னைப் பார்த்தார். குச்சிகளைப் பேட் மேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டுக்கு வாசிப்பது தெரிந்த வழி, கூடவே போய்விடலாம். தனியாக வாசிக்கும்போது அண்ணன் எங்கே திரும்புவார் என்று அண்ணனுக்கே தெரியாது. கீபோர்டுக்காரரும் என்னைப் பார்த்தார்.

அண்ணன் ஆரம்பித்தார். மண்டபத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தோல் மேல் விரல் படுகிற சத்தம் மட்டும், தூரத்தில் யாரோ கதவு தட்டுவது மாதிரி. முன்வரிசைக்காரர்கள் குனிந்து கேட்டார்கள். பெரியப்பா ஐஸ்கிரீம் கரண்டியை நிறுத்தினார்.

ஏழை ஏற்றினேன். எட்டை ஏற்றினேன்.

கீபோர்டு நின்றிருந்தது. பாட்டும் இல்லை. வலது தபேலாவின் சுதி எதனோடும் சேரவேண்டியிருக்கவில்லை. தப்பாகத் தெரியவில்லை. அண்ணன் டக்காவில் உள்ளங்கையை வைத்து இழுத்தார். அது மண்டபம் முழுவதும் போய், கடைசிச் சுவரில் முட்டித் திரும்பியது.

அண்ணனின் கை நின்றது. ஒரு அடி தப்பியது. நான் பார்த்து அவர் தாளம் தப்பியது அந்த ஒருமுறைதான். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு தரம் அதே மாதிரி இழுத்தார். அது திரும்பி வருகிறவரை காத்திருந்தார். வந்தது.

அதன் பிறகு பத்து நிமிடம் வாசித்தார். எப்படி வாசித்தார் என்று எனக்கு எழுதத் தெரியாது. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சாம்பார் வாளியோடு வாசலில் வந்து நின்றார்கள். முடித்ததும் பெரியப்பா தன் தோளில் இருந்த துண்டை எடுத்து அண்ணனுக்குப் போர்த்தினார்.

அடுத்த பாட்டைக் கீபோர்டுக்காரர் எடுத்துவிட்டார். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் பாடவேண்டும். நான் ஏழை இறக்கினேன். எட்டை இறக்கினேன்.

அண்ணன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டோடு உட்கார்ந்திருந்தார். தபேலா மேலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்தார். மண்டபத்தில் தபேலா கேட்டுக்கொண்டிருந்தது. பேட்காரர் தலை குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். நான்கு வரி போன பிறகுதான் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். குச்சி நின்றது. மீதிப் பாட்டு தபேலா இல்லாமல் போனது. சனம் கவனிக்கவில்லை.

வேனில் அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டயர் மாற்றினீர்களா என்று கேட்டார். மாற்றவில்லை என்றார் டிரைவர்.

அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. குழு நடக்கிறது. ஏழிலும் எட்டிலும் இப்போது வேறு மைக் போட்டிருக்கிறேன். நோம்பிக்கு அண்ணன் வருவார். நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை இருப்பார். எங்கள் குழு என்று இல்லை, எந்தக் குழு என்றாலும் இருப்பார். என் மிக்சர் பக்கம் வருவதில்லை. வீட்டில் பேசிக்கொள்கிறோம். பொங்கலுக்கு எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் நடந்ததை எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

துடியலூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். அண்ணன் பனியனோடு மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காது மெஷினை மாட்டியிருந்தார். உட்கார் என்றார். அண்ணி எனக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

"எப்ப இருந்துடா?" என்றார் அண்ணன்.

சொன்னேன்.

"ஆரு ஆருக்குத் தெரியும்?"

"எல்லாருக்குமுங்ணா."

அண்ணி சமையலறை வாசலில் நின்றார். அண்ணன் அவரைப் பார்த்தார். அண்ணி உள்ளே போகவில்லை. அண்ணன் மறுபடி டீயை எடுத்துக் குடித்தார்.

"அந்தக் காலண்டரையெல்லாம் எடுத்துட்டு வா அம்மணி," என்றார் அண்ணியிடம்.

உரக்கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர். பழையதைத் தூக்கிப் போடாமல், அதே ஆணியில் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டியிருந்தார்கள். கச்சேரி உள்ள நாளை அண்ணி நீலப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பார். மூன்று வருடத்துக் காலண்டரும் மேஜைக்கு வந்தது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல எது?"

புரட்டினேன். சூலூர் ரிசப்ஷன் மேல் விரலை வைத்தேன்.

அங்கிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வட்டத்துக்கும் பேனாவால் ஒரு புள்ளி. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நோம்பி மாதங்களில் வட்டம் நெருக்கமாக இருந்தது. அங்கே மெதுவாகப் போனார். ஒரு வட்டத்தில் நின்றார். அக்காவின் அம்மா தவறிப்போய் அன்றைக்குக் கச்சேரி நடக்கவில்லையே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் புள்ளி வைக்கவில்லை. இன்னொரு இடத்தில் மழை. மேடை நனைந்து இரண்டு பாட்டோடு நிறுத்தியிருந்தோம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தார்.

"ரெண்டு பாட்டு வாசிச்சனில்ல," என்றார்.

"வாசிச்சீங்கண்ணா."

புள்ளி வைத்தார்.

என் டீ ஆறிவிட்டது. அண்ணி வாசலிலேயே நின்றார். அண்ணன் கடைசித் தாளுக்கு வந்தார். நேற்றைய வட்டத்தில் பேனா நின்றது.

"நேத்து வெளிய கேட்டுச்சா?"

"பத்து நிமிசம் கேட்டுதுங்ணா."

அதை விட்டுவிட்டார். பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"நூத்திப் பதினாறு."